நல்ல வாசனையை யாரும் சந்தேகிப்பதில்லை

நெஞ்சக நோய்ப் பிரிவில் புதிதாகப் பணியேற்றிருக்கும் உங்களுக்காகச் சில பக்கங்கள் எழுதித் தர வேண்டும் என்று கேட்டார்கள். நான் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஓய்வுபெற்ற மருத்துவர்கள் எழுதுவதில் பெரும்பகுதி, தாங்கள் காப்பாற்றிய உயிர்களைப் பற்றியது. அதைச் சொல்ல எனக்கு விருப்பமும் இல்லை, தெம்பும் இல்லை. மருந்துகளும் கருவிகளும் நான் விலகி வந்த பிறகு நிறைய மாறிவிட்டன. அவற்றை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். ஆகவே ஒரு குடும்பத்தைப் பற்றியும், அந்தக் குடும்பத்தின் முன்னால் நின்று நான் எடுக்க வேண்டியிருந்த ஒரு முடிவைப் பற்றியும் மட்டும் எழுதுகிறேன். அவர்களுடைய பெயர்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவமனையின் பெயரை எழுதவில்லை. அது அந்தக் குடும்பத்தின் மானத்தைக் கருதி. என் பெயரையும் காத்துக்கொள்கிறேன் என்று யாராவது சொன்னால், அதையும் மறுக்க மாட்டேன்.

நம் பகுதியில் மருத்துவம் பார்ப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மூச்சிரைப்போடு ஒரு பிள்ளை வந்தால், நெஞ்சில் கருவியை வைப்பதற்கு முன்பே வாய் கேட்டுவிடும்: வீடு எங்கே, வீட்டில் யார் என்ன வேலை? ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று பதில் வந்தால் பாதி முடிவு அங்கேயே எழுதப்பட்டுவிடும். அப்பா தோல் பதனிடும் டேனரியில் ஸ்ப்ரே அடிக்கிறார், அல்லது வீட்டுக்குப் பின்னால் தோல் காயப் போட்டிருக்கிறார்கள், அல்லது அம்மா ஷூ கம்பெனியில் சொல்யூஷன் தடவுகிறார். சொல்யூஷன் என்பது தோலோடு தோலை ஒட்டும் பசை. அதன் நெடி துணியிலும் தலைமுடியிலும் தங்கி வீடுவரை வரும். இந்தக் கேள்விகள் தவறானவை அல்ல. பல ஆண்டுகள் அவை சரியான விடையைத்தான் தந்தன. என் மாணவர்களுக்கு நானே அவற்றைக் கற்றுக் கொடுத்திருக்கிறேன். ஆனால் ஒரு கேள்வி பல தடவை சரியான விடையைத் தந்துவிட்டால், அதன் பிறகு நாம் விடையைக் கேட்பதை நிறுத்திவிடுகிறோம்.

மக்களும் அப்படித்தான். எது நாறுகிறதோ அதுதான் கெடுக்கிறது என்பது இந்த ஊர்களில் யாரும் சொல்லிக் கொடுக்காமலே எல்லோரும் ஏற்றுக்கொண்டிருக்கும் தீர்ப்பு. அதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு என்பதை நான் தாமதமாகத்தான் பார்த்தேன். நல்ல வாசனை அடித்தால் அதை இங்கே யாரும் சந்தேகிப்பதில்லை.

ஆசிஃப் அப்போது பதினோராம் வகுப்பு மாணவன். சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா. தடுப்பு மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொண்டு, ஓடி விளையாடி, எங்களை ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை மட்டும் பார்த்துப் போன பிள்ளை. அந்த ஆண்டில்தான் அவன் கெட்டுப் போனான். உடம்பைச் சொல்கிறேன். முதல்முறை அவசரப் பிரிவுக்கு வந்து நெபுலைசரில் சரியாகி வீட்டுக்குப் போனான். அடுத்த முறை உள்ளே வைக்க வேண்டியிருந்தது. மூன்றாவது முறை அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உதடு நீலமாக இருந்தது. ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை. இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் தொண்டையில் குழாய் போட்டிருப்போம். மருந்தைக் கூட்டிக்கொண்டே போனோம், அவன் இறங்கிக்கொண்டே போனான்.

தாயார் தாஹிரா, ஆம்பூருக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். பசை தடவும் மேசையில் உதவியாளராகச் சேர்ந்து, தையல் மெஷினுக்கு மாறி, பிறகு ஒரு வரிசை முழுவதையும் கண்காணிக்கும் பொறுப்புக்கு வந்தவர். தந்தை அன்வர் ஆட்டோ ஓட்டுகிறார். நல்ல மனிதர். இதில் கெட்டவர் என்று யாரும் இல்லை என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது முறை அவன் உள்ளே இருந்தபோது எங்கள் பிரிவின் இளநிலை மருத்துவர் ஒருவர் தாயாரிடம், "வேலையில இருந்து வந்ததும் துணிய மாத்திட்டுப் பையன்கிட்ட போங்கம்மா" என்று சொல்லியிருந்தார். கெட்டிக்காரப் பெண், இன்று வேறொரு மாநிலத்தில் பெரிய பொறுப்பில் இருக்கிறார். அவர் சொன்னதில் மருத்துவக் குற்றம் எதுவும் இல்லை. போகிற போக்கில் சொன்ன ஒரு முன்னெச்சரிக்கை, அவ்வளவுதான். ஆனால் நாம் போகிற போக்கில் சொல்வது ஒரு வீட்டில் சட்டமாகிவிடுகிறது. தாஹிரா அன்றிலிருந்து கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்குள் நுழைவதில்லை. பின்பக்கம் சுற்றிப் போய், தகர மறைப்புக்குள் குளித்து, சீருடையை வெளியே தொங்கவிட்டு, அதன் பிறகே உள்ளே வருவார். மார்கழியிலும் அப்படியே. குளித்த பிறகும் மகனிடம் ஒட்டி உட்காருவதில்லை. மருத்துவமனையிலும் கட்டிலின் கால்மாட்டில்தான் நின்றார். ஏன் அங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "தலையில கொஞ்சம் வாடை இருக்கும் சார்" என்றார்.

அன்று சனிக்கிழமை. ஆசிஃப் பேசத் தொடங்கியிருந்தான். நான் வார்டைச் சுற்றி வந்தபோது அன்வர் என்னைக் கட்டிலருகே நிறுத்தினார்.

"ஒரு விஷயம் சார். இவ வேலைய வுட்டுடணும்னு முடிவு பண்ணிட்டோம். திங்கக்கிழமை போய்ச் சொல்லிட்டு வந்துடுவா. நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா மனசு ஆறும்."

"யார் முடிவு பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"எல்லாருந்தான் சார். தெருவுல கேட்டாலும் அதத்தான் சொல்றாங்க. சொல்யூஷன் நாத்தம் ஆவாது. நான் ஒரு ஷிஃப்ட்டு ஜாஸ்தி ஓட்டிக்கிறேன். புள்ள முக்கியமா, வேலை முக்கியமா?"

தாஹிராவைப் பார்த்தேன். அவர் கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க என்னம்மா சொல்றீங்க?"

"நீங்க சொல்லுங்க சார். நீங்க சொன்னா வுட்டுடறேன்." பிறகு, "சூப்பர்வைசர் ஆயி இன்னும் ஒரு வருஷம் கூட ஆவல" என்றார். அதை யாரிடமும் முறையிடுவதுபோலச் சொல்லவில்லை. நோயாளியின் வரலாற்றில் விடுபட்டுப் போன ஒரு தகவலைச் சேர்ப்பதுபோலச் சொன்னார்.

உங்களுக்கு இந்த இடத்தைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். வெளியே நோயாளிகள் காத்திருக்கிறார்கள். குடும்பம் ஒருமித்து ஒரு முடிவோடு நிற்கிறது. அந்த முடிவு நம் துறையின் பழைய பாடத்தோடு ஒத்துப் போகிறது. மருத்துவர் செய்ய வேண்டியதெல்லாம் தலையை அசைப்பதுதான். தலையை அசைத்திருந்தால் என்னை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தப் பெண் திங்கட்கிழமை வேலையை விட்டிருப்பார்.

என்னைத் தடுத்தது ஞானம் அல்ல, ஒரு சிறிய உறுத்தல். முதல் தடவை அவன் அவசரப் பிரிவுக்கு வந்தது பக்ரீத்தை ஒட்டிய நாட்கள் என்பது நினைவுக்கு வந்தது.

"அந்த முதல் தடவ வந்தீங்களே, அப்போ கம்பெனி நடந்துச்சாம்மா?"

"லீவு சார். பண்டிகைக்கு மூடிட்டாங்க. நான் வீட்டுலதான் இருந்தேன்."

"லீவு விட்டு எத்தனை நாள் கழிச்சு இழுப்பு வந்துச்சு?"

"கடைசிலதான் சார். லீவு முடியற நேரம்."

அப்படியானால் சொல்யூஷன் நெடியே இல்லாமல் தாய் வீட்டில் இருந்த காலத்தில்தான் அவன் முதலில் விழுந்திருக்கிறான். நான் இதைச் சொல்வதற்கு முன்பே அன்வர் குறுக்கிட்டார்: "துணிமணில பழசு ஒட்டிக்கினு இருந்திருக்கும் சார்." ஒரு விளக்கத்தை நம்பிவிட்ட குடும்பம் அதை எளிதில் கைவிடாது. அந்த விளக்கத்துக்காக ஒருவர் குளிரில் குளித்துக்கொண்டிருந்தால், கைவிடுவது இன்னும் கடினம்.

"அந்த லீவுல பையன் எங்கயாவது போனானா?"

"ஏலகிரிக்குப் போனான் சார், தோஸ்துங்களோட. மலைக் காத்து நல்லதுன்னு நான்தான் அனுப்பி வெச்சேன்" என்றார் அன்வர்.

ஆசிஃப் கண்ணை மூடிக்கொண்டான். தூங்குபவன் கண்ணை மூடும் விதம் வேறு.

"நாளைக்குச் சொல்றேன்" என்றேன்.

அன்வரின் முகம் வாடியது. "பெரிய டாக்டர்னு உங்ககிட்ட வந்தோம் சார்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார், சொல்ல வந்தது எனக்குப் புரிந்தது. 'எனக்குத் தெரியவில்லை, நாளை சொல்கிறேன்' என்ற சொற்கள் ஒரு மருத்துவரின் பெயருக்கு எவ்வளவு கேடு என்பதை நீங்கள் விரைவில் அறிவீர்கள். அந்தக் கேட்டைத் தாங்கிக்கொள்ளுங்கள். அதற்காகத்தான் பெயரைச் சேர்த்து வைக்கிறோம்.

பிற்பகலில் பெற்றோரைச் சாப்பிட அனுப்பிவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்து ஆசிஃபின் தலைமாட்டில் போட்டு உட்கார்ந்தேன். அவனிடம் 'புகைபிடிக்கிறாயா' என்று நான் கேட்கவில்லை. அதை இளநிலை மருத்துவர் ஏற்கெனவே கேட்டிருந்தார். தாயார் முன்னிலையில், இல்லை என்று அவன் நிமிர்ந்து சொல்லியிருந்தான். அவன் பொய் சொல்லவில்லை. பெங்களூரில் படித்துக்கொண்டிருந்த இன்னொரு இளைஞன், அதே ஆண்டில் எங்கள் பிரிவிலிருந்து வீட்டுக்குப் போகும்போது எனக்கு ஒன்று சொல்லிவிட்டுப் போனான்: "சிகரெட்டான்னு கேட்டா இல்லன்னுதான் சார் சொல்லுவோம். எந்த ஃப்ளேவர்னு கேளுங்க."

"மேங்கோவா, மிண்ட்டா?" என்று ஆசிஃபிடம் கேட்டேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. மேலே மின்விசிறியைப் பார்த்தான்.

"மிண்ட் சார்."

அதன் பிறகு அவனே சொல்லத் தொடங்கினான். ஏலகிரியில் ஒரு நண்பன் வேப் கொடுத்தானாம், பேட்டரியில் சூடாகும் மின் சிகரெட். முதல் இழுப்பிலேயே நெஞ்சு திறந்துகொண்ட மாதிரி சில்லென்று இருந்ததாம்.

"அது வெறும் ஆவி சார். புகை இல்ல. பம்பு அடிச்சா இருக்கற மாதிரியே ஃப்ரீயா இருந்துச்சு." பம்பு என்று அவன் சொன்னது இன்ஹேலரை.

"இழுப்பு வரும்போதும் அதையா அடிச்சே?"

"கொஞ்சமா வந்தா அடிப்பேன் சார்."

"பம்பு எங்க இருக்கும்?"

"வீட்டுல. டியூஷனுக்கு எடுத்துக்கினு போனா பசங்க ஓட்டுவானுங்க. 'இன்னா தாத்தா, தம் கட்ட முடியலயா'ம்பானுங்க. பம்பு பாக்கெட்டுல இருந்தா பேஷண்ட்டு சார். இது இருந்தா கெத்து."

இதை உங்கள் மனதில் நன்றாகப் பதிய வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளையின் மூச்சுக்குழாய் ஏற்கெனவே தடித்தும் எரிச்சலோடும் இருக்கிறது. சூடாக்கிய அந்தத் திரவத்தின் துளிகளும் வாசனைச் சரக்கும் நிகோடினும் அதன்மேல் போய்ப் படிகின்றன. குழாய் இன்னும் சுருங்குகிறது, தடுப்பு மருந்து செய்ய வேண்டிய வேலையைச் செய்ய முடியாமல் போகிறது. புதினாவின் குளிர்ச்சியோ மூச்சு திறந்துவிட்டது என்று பொய் சொல்கிறது. குழாய் அடைபட்டுக்கொண்டே போக, பையன் நிம்மதியாக இருக்கிறான். அவன் நம்மிடம் வந்து சேரும்போது நேரம் கைமீறியிருக்கும். விற்கவே கூடாது என்று தடை செய்யப்பட்ட பொருள், பெட்டிக்கடையில் கேட்கத் தெரிந்தவனுக்குக் கிடைக்கிறது. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. நீங்களும் அலுக்கும்வரை சொல்ல வேண்டியிருக்கும்.

"வீட்டுல வாசனை தெரியலயா?" என்று கேட்டேன்.

"புது அத்தர்னு சொன்னேன். அம்மிக்குப் புடிச்சுது சார். வீடு மணக்குதுன்னு சொன்னாங்க."

அம்மி என்றது தாயாரை. அவனுடைய ஆக்ஸிஜன் அளவைப் பார்த்துக்கொண்டேன். பிறகு, "அம்மி வேலைய விடப் போறாங்க, தெரியுமில்ல?" என்றேன்.

"தெரியும் சார்."

"அவங்க ஏன் தினமும் பின்னாடி போய்க் குளிக்கிறாங்கன்னும் உனக்குத் தெரியும்."

"தண்ணி ஊத்தற சத்தம் கேக்கும் சார். ஹெட்செட் மாட்டிக்குவேன்." அவன் கண்ணில் நீர் வந்தது, இழுப்பும் வந்தது. ஆக்ஸிஜன் குழாயைச் சரிசெய்துவிட்டுக் காத்திருந்தேன். "சொல்லிடாதீங்க சார். அப்பா ரெண்டு திட்டுத் திட்டிட்டு வுட்டுடுவாரு. அம்மி ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. பாத்துக்கினே இருப்பாங்க."

வெளியே வந்து இளநிலை மருத்துவரிடம் இதைச் சொன்னதும் அவர் என்னை மடக்கினார். "மைனர் பையன் சார். பேரண்ட்ஸ்கிட்ட உடனே சொல்லிடலாம். இல்லன்னா அந்தம்மா வேலை போயிடும்."

அவருடைய வாதத்தில் குறை இல்லை. நான் சொன்னது இதுதான்: இன்று நான் அவனைக் காட்டிக்கொடுத்தால், இனி எந்த மருத்துவரிடமும் அவன் உண்மையைச் சொல்ல மாட்டான். அடுத்த தடவை மூச்சில்லாமல் வரும்போது, என்ன இழுத்தான் என்று தெரியாமல் நாம் தடுமாறுவோம். அவனுக்கு இருக்கும் நோயில், அடுத்த தடவை என்பது நிச்சயம். ஆனால் நான் முழுவதும் மௌனமாக இருந்தால் ஒரு பெண் செய்யாத குற்றத்துக்குத் தன் வேலையைக் கொடுத்துவிடுவார். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நினைப்பது நம் பதற்றம். இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடிந்தது.

திரும்பப் போய் ஆசிஃபிடம் சொன்னேன். "நீ சொன்னத நான் உங்கம்மாகிட்ட சொல்ல மாட்டேன். அது உன்னுது. ஆனா அவங்க துணியால உனக்கு இது வரலன்னு நாளைக்குக் காலைல சொல்லிடுவேன். அது அவங்களுக்கு நான் கடன்பட்டது."

"அப்போ எதுனாலன்னு கேப்பாங்களே சார்."

"கேப்பாங்க. அப்போ நான் உன்னைப் பாப்பேன்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அன்வர் மகனின் தலைமாட்டில் நின்றார். தாஹிரா வழக்கம்போல் கால்மாட்டில். "உங்க வேலையால, உங்க துணியால பையனுக்கு இது வரலம்மா. வேலைய விட வேண்டாம். தினமும் வெளிய குளிக்கவும் வேண்டாம்" என்றேன்.

அவருக்கு நிம்மதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. "அப்போ இத்தினி நாளு?" என்றார். அந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது என்று அவருக்கே தெரியவில்லை.

"அப்புறம் எதுனால சார்?" என்றார் அன்வர்.

நான் ஆசிஃபைப் பார்த்தேன்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு முதியவர் இருமினார். செவிலியர் ஒருவர் ஏதோ கேட்க வந்து, எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். நிரப்பிவிட வேண்டும் என்று நாக்கு துடிக்கும் மௌனம் அது. நாம் பேசிப் பழகியவர்கள். ஒரு வாக்கியத்தில் முடித்துவிடலாம். நான் முடிக்கவில்லை.

கடைசியில் அவன் தாயைப் பார்த்து உருதுவில் சொன்னான். அது அவர்கள் வீட்டுக்குள் பேசும் மொழி. என்னை வெளியே நிறுத்திவிட்டுச் சொல்ல வேண்டும் என்று நினைத்தானோ என்னவோ. எனக்கு அரைகுறையாகத்தான் புரிந்தது. அன்வருக்குப் புரிந்தது. அவர் குனிந்து கட்டிலுக்கடியில் இருந்த பையை எடுத்து, உள்ளே கைவிட்டுத் துழாவி, பச்சை நிறத்தில் தடித்த பேனா போன்ற ஒன்றை வெளியே எடுத்தார்.

"இது கோடு போடற பேனா இல்ல?" என்றார். "ஆட்டோல வுழுந்து கெடந்துச்சுன்னு நான்தானேடா எடுத்தாந்து குடுத்தேன்." அவர் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பையனுக்கு எளிதாக இருந்திருக்கும்.

தாஹிரா மகனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு நேத்தே தெரியுமா சார்?"

"தெரியும்மா."

"நேத்தே சொல்லி இருக்கலாமில்ல. ராத்திரி பூரா, வேலைய வுட்டுட்டு இன்னா செய்யறதுன்னு ரோசிச்சுக்கினே கெடந்தேன்."

"அவன் வாயால வரணும்னு நெனச்சேன்."

"அது சரி சார்" என்றார். அந்தச் சொற்களில் ஏற்பும் இருந்தது, ஏற்காததும் இருந்தது. நான் செய்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் நாம் எடுக்கும் சரியான முடிவுக்கும் யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார். பெரும்பாலும் அது நாமாக இருப்பதில்லை. இதை மறந்துவிட்டு 'சரியாகச் செய்தேன்' என்று பெருமைப்படுவது மருத்துவருக்கு அழகல்ல.

தாஹிரா வேலையை விடவில்லை. திங்கட்கிழமை கம்பெனி பஸ்ஸில் ஏறினார். ஆசிஃப் தேறி வீடு திரும்பினான். நிகோடினை விடுவதற்கான ஆலோசனைக்கு வரச் சொன்னோம், சில தடவை வந்தான்.

இதோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதுபோன்ற பிள்ளைகளைப் பற்றி நான் பள்ளிகளில் பேசத் தொடங்கியது வெளியே தெரிந்தபோது, தோல் தொழிலில் செல்வாக்குள்ள ஒருவர் என்னைத் தேடி வந்தார். மிகவும் பண்பாகப் பேசினார்.

"எங்க கூட்டத்துக்கு வந்து நீங்க ஒரு அஞ்சு நிமிஷம் பேசணும் டாக்டர். எல்லாத்துக்கும் எங்களையே சொல்றாங்க. பசங்க இந்தக் கருமத்தை இழுத்துக்கினு கெட்டுப் போறாங்க, பேஜார் எங்களுக்கு. நீங்க சொன்னா ஜனங்க கேப்பாங்க."

"ஒரு பையனுக்கு உங்க சொல்யூஷன் காரணம் இல்லன்னு சொன்னேன். எல்லாப் பையனுக்கும் இல்லன்னு நான் சொல்லலயே" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதான டாக்டர்?"

"இல்லீங்க."

அவர் அதன் பிறகு வரவில்லை. என்னை இறுக்கமானவன் என்று அவர் வெளியே சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அதுவும் உண்மைதான். நீங்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டியது இங்கேதான். பழைய விடையை விட்டுவிட்டுப் புதிய விடையை அதே அவசரத்தோடு பிடித்துக்கொண்டால், நாளைக்கு வேறொரு வீட்டில் ஸ்ப்ரே அடிக்கும் அப்பாவின் பிள்ளையிடம் 'எந்த ஃப்ளேவர்' என்று கேட்டு, அந்தப் பிள்ளையை அவமானப்படுத்திவிட்டு, உண்மையான காரணத்தைத் தவறவிடுவீர்கள். பசை நெடியும் தோல் தூசியும் குற்றமற்றவை என்று நான் எங்கும் சொன்னதில்லை. இங்கேயும் சொல்லவில்லை.

ஆசிஃப் மீண்டும் வந்தான். அதை மறைத்து, ஒரு நல்ல முடிவோடு உங்களை வீட்டுக்கு அனுப்பலாம். அது நேர்மையாக இருக்காது. நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால், புறநோயாளிப் பிரிவில் இருந்தபோது இளநிலை மருத்துவர் அவசரப் பிரிவிலிருந்து அழைத்தார்.

"ஆசிஃப் வந்திருக்கான் சார். திரும்பவும் அடிச்சிருக்கான்."

"யாரு சொன்னது?"

"அவனேதான் சார். வாசல்ல வீல்சேர்ல உக்காரும்போதே சொல்லிட்டான். 'வேப் அடிச்சேன் மேடம், காலைலருந்து, பம்பும் அடிச்சேன்'னு. அதனால நேரம் வீணாகல. ஸ்டேபிளா இருக்கான்."

"யார் கூட வந்தான்?"

"ஃபிரண்டு கூட்டிட்டு வந்திருக்கான். அப்பா வந்துட்டிருக்காரு. அம்மா டூட்டில இருக்காங்களாம்." பிறகு, "தோத்துட்டமா சார்?" என்றார்.

அன்று இருந்த களைப்பில் அந்தக் கேள்வியை எடைபோட என்னால் முடியவில்லை. வந்தவன் என்ன இழுத்தான் என்று வாசலிலேயே சொன்னான். அதை மட்டும் குறித்துக்கொள்ளச் சொன்னேன்.

மாலையில் தாஹிரா வந்தார். கம்பெனி சீருடையிலேயே வந்திருந்தார். மகனைப் போய்ப் பார்த்துவிட்டு என் அறைக்கு வந்து நின்றார். ஏன், எப்படி, இனி என்ன என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன்.

"எப்போ வீட்டுக்கு அனுப்புவீங்க சார்?"

"நாளைக்குச் சாயங்காலம் பாக்கலாம்மா."

"சாயங்காலம்னா சரி சார்" என்றார். "காலைல எனக்கு டூட்டி இருக்கு."